போர்தோவிலிருந்து துலூஸுக்கு சைக்கிளில்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சின் தென்மேற்குக் கிராமங்கள் வழியாக நெடுந்தூரம் சைக்கிளில் போகலாம் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிக்கணும்?" என்பதுதான். இந்தப் பாதையில் அது இரண்டாவது கேள்வி. "மதியம் 12:30 மணிக்கு எந்த ஊரில் இருப்பேன்?" என்பதுதான் முதல் கேள்வி. பாதை பெரும்பாலும் சமதளம், தார் போட்டது. ஓரளவு பழக்கம் உள்ள யாருக்கும் கால் தாங்கும். திணற வைப்பது அந்த ஊர்களின் கடிகாரம்தான். கடை எப்போது திறக்கும், எப்போது அடைக்கும், எந்தக் கிழமை ஊரே பூட்டிக் கிடக்கும் என்பதை வைத்துத் திட்டம் போட்டால் பயணம் சுகமாக அமையும். கிலோமீட்டரை மட்டும் வைத்துப் போட்டால் பசியோடு பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

எந்தப் பாதை, எந்தத் திசை

அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து மத்தியதரைக் கடல் வரை போகும் நீண்ட சைக்கிள் பாதைக்கு 'இரு கடல்களின் கால்வாய்' என்று பெயர். வழிப்பலகைகளில் வி80 என்று போட்டிருக்கும். அதில் போர்தோ முதல் துலூஸ் வரையான பகுதி சுமார் 270 கிலோமீட்டர். முதல்முறை போகிறவருக்கு இதைவிட நல்ல பாதையை நான் சொல்ல மாட்டேன். கரோன் ஆற்றுக்கு இணையாக வெட்டிய 193 கிலோமீட்டர் கால்வாய் ஒன்று இருக்கிறது. ஆற்றின் வெள்ளத்தையும் வறட்சியையும் நம்பாமல் படகு விடுவதற்காக 1838இல் வேலை தொடங்கி 1856இல் முடித்தார்கள். அதன் கரையில்தான் பாதி நாட்களுக்கு மேல் ஓட்டப்போகிறீர்கள்.

மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது போர்தோவில் தொடங்கிப் போங்கள். இங்கே பெரும்பாலும் காற்று மேற்கிலிருந்து வீசும், முதுகுக்குப் பின்னால் இருக்கும். துலூஸை நெருங்கும்போது மட்டும் 'ஓதான்' என்ற தென்கிழக்குக் காற்று எதிரே வரலாம். அது வீசும் நாளில் வேகத்தை மறந்துவிட்டுச் சின்ன கியரில் உருட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, சாயங்காலம் இடி மழையும் வரும். மே மாதத்தில் அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் தங்குமிடத்தை முன்பே பிடித்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பர். திராட்சை பழுத்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், ஏழரை மணி வரை வெளிச்சமும் இருக்கும்.

கிளம்பும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் சைக்கிள் பயணமும் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரிசிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதில் சைக்கிளை அப்படியே ஏற்ற முன்பதிவு வேண்டும், இடமும் கொஞ்சம்தான். அதனால் சொந்த சைக்கிள் இல்லாதவர்கள் போர்தோவிலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட அனுமதிக்கும் கடைகள் இந்தப் பாதையில் உண்டு. எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: டயர் அகலம் 35 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கிறதா, பின் கேரியர் ஆட்டமில்லாமல் நிற்கிறதா, ஏற்றத்துக்கு உதவும் சின்ன கியர் இருக்கிறதா. பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் இங்கே வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சாமான் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் புகாத பைகள் இரண்டைக் கேரியரின் இருபுறமும் மாட்டினால் போதும். முதுகில் பை மாட்டாதீர்கள், இரண்டாம் நாளே தோள் கேட்கும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், டயர் கழற்றும் நெம்புகோல், உங்கள் வால்வுக்குப் பொருந்தும் பம்ப், அறுகோணச் சாவிகள், செயின் எண்ணெய் இவ்வளவும் கண்டிப்பாக வேண்டும். கிளம்புமுன் வீட்டிலேயே பின் சக்கரத்தை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கால்வாய்க் கரையில் பழுது பார்க்கும் கடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது.

சட்டத்தில் நினைவில் வைக்க வேண்டியவை சில. இரவில் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். காதில் இயர்போன் கூடாது, 135 யூரோ அபராதம். மணியும் விளக்கும் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களும் போட்டுக்கொள்வதுதான் சரி. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சின்னக் கிராமத்துச் சந்திலிருந்து டிராக்டர் நிற்காமல் வருவது இதனால்தான், தவறு அவர் பேரில் இல்லை.

ஊரின் கடிகாரம்

காலையில் ரொட்டிக்கடை ஏழு மணிக்கெல்லாம் திறந்துவிடும். மளிகைக் கடை, மருந்துக்கடை, தபால் நிலையம் எல்லாம் 12:30 வாக்கில் அடைத்துவிட்டு இரண்டரை மூன்று மணிக்குத்தான் திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு 12 முதல் 1:30 வரை. 1:45க்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டதாகப் பணிவாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள், கெஞ்சியும் பயனில்லை. இரவுச் சாப்பாடு 7:30க்கு முன் கிடைக்காது. ஞாயிறு மதியத்துக்குமேல் ஊர் அடங்கிவிடும், திங்களன்றும் பல கடைகள் திறக்காது. ரொட்டிக்கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அந்த நாள் கடைக்குக் கடை மாறும், கதவில் எழுதியிருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தங்கிய ஊரிலேயே காலையில் ரொட்டி, சீஸ், தக்காளி, பழம் வாங்கிப் பையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பதினொன்றரைக்குள் அடுத்த ஊரை எட்டிவிட்டால் உணவகமா, மரத்தடியா என்று அங்கே முடிவு செய்யலாம். ஞாயிறும் திங்களும் பெரிய ஊரில் இருக்கும்படி நாட்களை அமையுங்கள். கொஞ்சம் சில்லறையும் இருபது யூரோ நோட்டுகளும் கையில் இருக்கட்டும், சின்னக் கடைகள் சிறு தொகைக்கு அட்டை வாங்காது.

சந்தை நாட்களையும் பார்த்து வையுங்கள். கிரெயோனில் புதன், வலான்ஸ் தஜெனில் செவ்வாய், லா ரெயோலிலும் நெராக்கிலும் சனி. எல்லாம் காலைச் சந்தைதான், மதியம் ஒரு மணிக்குள் கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் "ஒரு ரொட்டி" என்று கேட்டால் கடைக்காரம்மா முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டுக் கேட்டால், மூடப்போகும் நேரத்திலும் உங்கள் தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தருவார்.

தண்ணீருக்கு இன்னொரு வழி ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும், பிரான்சில் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் எல்லோரும் அதை நாடுவதுண்டு. 'நோன் போத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டராவது சைக்கிளில் இருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இது வாத்துக் கறி நாடு. உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். காய்கறி சாலட் என்று வருவதில் வாத்தின் இரைப்பையோ பொடியாக நறுக்கிய பன்றிக் கறியோ கிடக்கும். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சிலர் மீனையோ அந்தப் பன்றித் துண்டுகளையோ கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'நி வியாந்த், நி ப்வாசோன், நி லார்தோன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கறியும் இல்லை, மீனும் இல்லை, பன்றித் துண்டும் இல்லை என்று முடிந்துவிடும். ஆம்லெட், சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் இரண்டும் பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும். டின்னில் வரும் சமைத்த பருப்பை வாங்கும்போது பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள், வாத்துக் கொழுப்பு அதிலும் இருக்கலாம். வெறும் வேகவைத்த பருப்பு தனியாக விற்கிறார்கள். கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் பையில் இருந்தால் அந்தப் பருப்பும் ரொட்டியும் தாராளமாக ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும்.

அஜென் உலர்பிளம் இந்த நாட்டின் பெரிய கொடை. பசியைத் தாங்கும், கெடாது, பையில் நசுங்காது. அரைக் கிலோ வாங்கிக் கைப்பிடிப் பையில் போட்டுவைத்து, மணிக்கு இரண்டு தின்றுகொண்டே போகலாம்.

நாள் கணக்கு

முதல் நாள், போர்தோவிலிருந்து சோவ்தேர். ஆற்றின் வலக்கரைக்குக் கடந்து தெற்கே போனால் லாத்ரேனில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். 1937இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரோழே லபேபியின் பெயர் அதற்கு. ரயில் தடம் என்பதால் ஏற்றம் இருந்தாலும் மெதுவாக, மூச்சு வாங்காதபடிதான் ஏறும். இரு பக்கமும் காடு, அப்புறம் திராட்சைத் தோட்டம். கிரெயோனின் பழைய ரயில் நிலையம் இப்போது சைக்கிள்காரர்கள் இளைப்பாறும் இடம். சற்றுத் தள்ளி லா சோவில் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சோவ்தேர் 1281இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் நிறுவிய ஊர், நான்கு வாசல்களும் இன்னும் இருக்கின்றன. நடுவில் சதுக்கம், சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம், நேர்கோட்டில் தெருக்கள். பாஸ்தீத் எனப்படும் இந்த வகை ஊர்களை வழியெல்லாம் பார்ப்பீர்கள். வெயிலோ மழையோ, ஒதுங்க அந்தத் தாழ்வாரம்தான் இடம்.

இரண்டாம் நாள் காலையில்தான் மேடு பள்ளம். சோவ்தேரிலிருந்து லா ரெயோல் வரை பதினான்கு கிலோமீட்டர் போலத்தான், ஆனால் சாலை ஏறி இறங்கும். லா ரெயோலில் ஆற்றைக் கடந்து ஃபோன்தே பக்கம் போனால் கால்வாய் வந்துவிடும். இனி ஏற்றம் என்றால், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுகளை ஒட்டிச் சில மீட்டர் மட்டும்தான். அன்று ல மாஸ் தஜெனே வரையோ தமசான் வரையோ போகலாம். ல மாஸ் மேட்டில் இருக்கிறது, கால்வாயிலிருந்து தெரு செங்குத்தாக ஏறும். அந்தச் சின்ன ஊர்த் தேவாலயத்தில் ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த சிலுவை ஓவியம் இருக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது ஏறுங்கள்.

மூன்றாம் நாள் கால்வாயை விட்டு விலகச் சொல்வேன். கால்வாய் அழகுதான், ஆனால் கிராமத்து உயிர் முழுக்க அதன் கரையில் இல்லை. பூசேயில் திரும்பி, பாயிஸ் ஆற்றோரமாக வியான், பார்பாஸ்த், நெராக். வியானின் மதில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஊரைச் சுற்றி அப்படியே நிற்கிறது. பார்பாஸ்தில் கோபுரங்கள் வைத்த பழைய ஆலை. நெராக் பின்னாளில் பிரான்சின் அரசரான நான்காம் ஹென்றி வாழ்ந்த ஊர். இந்தக் கிளைவழிகளில் மூன்று இலக்க எண் கொண்ட 'டி' சாலைகளை, அதாவது மாவட்டச் சாலைகளைத் தேர்ந்தெடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம். சூரியகாந்தி வயல், மக்காச்சோளம், தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து போகும். நெராக்கில் ஒரு இரவு தங்கி, மறுநாள் வந்த வழியே கால்வாய்க்குத் திரும்பி அஜென் போகலாம்.

அஜெனுக்கு மேற்கிலிருந்து நுழைவதில் ஒரு சந்தோஷம் உண்டு. அடுத்தடுத்து நான்கு மதகுகள் ஏறியதும், கால்வாயே கரோன் ஆற்றின் மேல் கல் பாலத்தில் கடக்கும். 23 வளைவுகள், 539 மீட்டர் நீளம். நீங்கள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் போகலாம், கீழே இன்னொரு தண்ணீர் ஓடும். நடந்து போகிறவர்களும் இருப்பார்கள், மெதுவாகப் போங்கள்.

அஜெனிலிருந்து முவாசாக் நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். வழியில் வலான்ஸ் தஜென். அதன் அருகே கோல்ஃபெக் அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் வெகு தூரத்திலிருந்தே தெரியும். ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் இருக்கும் ஓவிலாரில் வட்ட வடிவச் சந்தை மண்டபம் இருக்கிறது, கால் இடம் கொடுத்தால் ஏறிப் பாருங்கள். முவாசாக்கில் சீக்கிரம் போய்ச் சேருங்கள். 1100ஆம் ஆண்டு முடித்த மடத்து முற்றத்தின் 76 தூண் தலைகளும் செதுக்கு வேலை, எல்லாம் வேறு வேறு வடிவம். அவசரமாகப் பார்க்கக் கூடாத இடம். ஸ்பெயினின் சாந்தியாகோ போகும் நடை யாத்ரீகர்கள் இங்கே தங்குவதால் குறைந்த செலவில் படுக்கை கிடைக்கும் விடுதிகள் உண்டு. செப்டம்பரில் போனால் ஷாஸ்லா திராட்சை வாங்கிச் சாப்பிடுங்கள். பொன்னிறமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் இனிக்கும்.

முவாசாக்கிலிருந்து துலூஸ் சுமார் 64 கிலோமீட்டர். ஒரே நாளில் முடியும். நடுவே மொன்தெக்கில் 1974இல் கட்டிய நீர்ச்சரிவைப் பார்க்கலாம். இரண்டு எஞ்சின்கள் ஒரு பலகைத் தடுப்பைத் தள்ள, தண்ணீரோடு சேர்ந்து படகும் சரிவில் ஏறும். ஐந்து மதகுகளின் வேலையை அது ஒன்றே செய்தது. 2009இல் நின்றுவிட்டது, இப்போது பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

கால்வாய்க் கரையில் ஓட்டும் முறை

ஒல்லி டயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேர். கரையோர மரங்களின் வேர்கள் தாருக்கு அடியில் குறுக்கே ஓடி, பாதையை விரல் தடிமனுக்கும் கை தடிமனுக்கும் தூக்கிவிட்டிருக்கும். இலை நிழல் புள்ளி புள்ளியாக விழும் நேரத்தில் மேடு கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடங்களில் இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையை மடக்கி, பெடல் இரண்டையும் சமமாக நிறுத்திக் கடக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் கேரியர் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், இந்த அதிர்வில் முதலில் தளர்வது அவைதான்.

இரண்டாவது, பாலங்கள். பழைய கல் பாலங்களுக்கு அடியில் பாதை குறுகி, கால்வாய்ப் பக்கம் ஒதுங்கி, எதிரே வருகிறவர் தெரியாதபடி வளையும். கைப்பிடிச் சுவர் இருக்காது, மழை பெய்தால் வழுக்கும். பாலத்துக்கு முன்பே மணியடித்து, வேகத்தைக் குறைத்துவிடுங்கள், அடியில் போகும்போது பிரேக்கை இறுகப் பிடிக்காதீர்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் வைத்திருக்கும் தடுப்புகளில் பக்கவாட்டுப் பைகள் மாட்டும், இறங்கித் தள்ளுவது நல்லது. கரையில் விளக்கு கிடையாது, இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

வழிகாட்டும் செயலியை நம்பும்போது ஒரு எச்சரிக்கை. சில நேரம் குறுக்குவழி என்று டி813 சாலையில் இறக்கிவிடும். கால்வாய்க்கு இணையாக ஓடும் அந்தச் சாலையில் லாரிகள் விரையும். பச்சை வெள்ளை சைக்கிள் பலகை எங்கே காட்டுகிறதோ அங்கே போங்கள்.

தங்குவதற்கு ஊராட்சி நடத்தும் கூடார மைதானங்கள்தான் மலிவு. வீட்டில் அறை கொடுப்பவர்களிடம் முந்தின நாளே பேசி, இரவுச் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். உணவகம் இல்லாத ஊரில் அந்தக் கேள்வி முக்கியம். 'அக்கேய் வேலோ' பலகை உள்ள இடங்களில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் இருக்கும்.

உடம்புக்கு முடியவில்லையா, மழை விடவில்லையா, கவலைப்பட வேண்டாம். போர்தோ-துலூஸ் ரயில் தடம் கால்வாயை ஒட்டியே வருகிறது. லா ரெயோல், மர்மான்ட், அஜென், வலான்ஸ், முவாசாக், காஸ்தெல்சராசான் எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றி ஒரு நாள் தூரத்தைத் தாண்டிவிடலாம். சின்ன நிலையங்களில் வண்டி குறைவு, நேரத்தை முன்பே பாருங்கள். அவசரத்துக்கு 112.

துலூஸில் ஊருக்குள் வழி தேடி அலைய வேண்டியதில்லை. நீங்கள் வந்த கரோன் கால்வாய் முடியும் துறையில் 'கனால் த்யு மிதி' என்ற இன்னொரு கால்வாய் தொடங்குகிறது, அதன் கரையோடு சில கிலோமீட்டர் போனால் மத்தாபியோ ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கும். கடலுக்கே போய்விட வேண்டும் என்று தோன்றினால் அதே கரையில் தொடரலாம். போர் லொராகே வரை தார், ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மண் பாதை, மழைக்குப் பின் சேறு. அதற்கு இன்னும் அகலமான டயரும் இன்னொரு வாரமும் வேண்டும். திரும்புகிறவர்கள், தொலைதூர ரயிலில் சைக்கிளுக்கான இடத்தைப் போர்தோவில் கிளம்பும் முன்பே பதிவு செய்திருங்கள். வார இறுதிகளில் சைக்கிள் மாட்டும் அந்தக் கொக்கிகள் முதலில் நிரம்பிவிடும்.